நாலேகால் பவுன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சேதாரம் என்று வாயெடுப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி டிசைன் பேச ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் புளியோடு சேர்த்து இந்தத் தாளையும் வைத்து அனுப்புகிறேன். நம் மரத்துப் புளிதான், கொட்டை எடுத்தது. இந்த வருடம் காய்ப்பு சுமார்.

போனஸில் வந்த ஐந்து லட்சத்துக்கும் நகை எடுக்கப் போவதாகச் சொன்னாய். "போட்டுக்கிட்ட மாதிரியும் ஆச்சு, முதலீடு பண்ண மாதிரியும் ஆச்சு" என்றாய். போட்டுக்கொள்வதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் மேசையில் உட்கார்ந்தவன் நான். பாலக்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களின் நகை எத்தனை முறை என் மேசைக்கு வந்து போயிருக்கும் என்று கணக்கே இல்லை. தக்காளி நாற்று நடவுக்கு வரும், பள்ளிக்கூடம் திறக்கும்போது வரும். தோட்டைக் கழற்றி மேசையில் வைத்த கையோடு, முந்தானை முடிச்சிலிருந்து வேப்பங்குச்சியை எடுத்துக் காதுத் துளையில் செருகிக்கொள்வார்கள். துளை தூர்ந்துவிடக் கூடாதே. குச்சியை வீட்டிலிருந்தே ஒடித்துக் கொண்டுவந்திருப்பார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது ஒரே வாரத்தில் எத்தனை குச்சிகள் காதைவிட்டு இறங்கின தெரியுமா!

எங்கள் மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுப்பார். கல்லுக்கு இவ்வளவு, உள்ளே இருக்கும் அரக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார். மீதியைத்தான் எழுதுவார். ஒருமுறை ஒரு அம்மா, "அண்ணா, பதினெட்டு பர்சென்ட் சேதாரம் குடுத்து எடுத்தது, பாத்துப் போடுங்க" என்றார். மதிப்பீட்டாளர் தராசிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அது கடைக்காரர்கிட்டயே இருக்குதும்மா" என்றார். நாங்கள் சிரித்தோம். அந்த அம்மா சிரிக்கவில்லை.

இப்போது உன் ஐந்து லட்சத்துக்கு வருவோம். விலை தினமும் ஆடுகிறது, கணக்குக்காகப் பவுன் ஒரு லட்சம் என்றே வைத்துக்கொள். உனக்கு ஐந்து பவுன் வராது. நாலேகால் பவுன்தான் வரும். தங்கம் 4,25,000. சேதாரம் பதினான்கு சதவீதம் என்றால் 59,500. மொத்தத்துக்கும் மூன்று சதவீதம் ஜிஎஸ்டி 14,535. ஐந்து லட்சம் காலி. மறுநாளே அதே கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் தங்கத்துக்கு மட்டும்தான் விலை, அதிலும் ஒன்றிரண்டு சதவீதம் பிடிப்பார்கள். 4,16,000 வந்தால் பெரிது. ஆக, போட்ட பணம் திரும்பக் கைக்கு வரவே தங்கம் இருபது சதவீதம் ஏற வேண்டும். கல் வைத்த அட்டிகை, நகாசு வேலை என்று போனால் இன்னும் மோசம்.

ஏறாதா என்று கேட்பாய். ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. நீ பிறந்த 1998இல் பவுன் மூவாயிரத்துச் சொச்சம். 2025 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இதைப் பார்த்த யாருக்கும் ஆசை வரும். ஆனால் 2012 கடைசியில் 24,000 பக்கம் நின்ற பவுன் 2015 நடுவில் 19,000 பக்கம் இறங்கியதை நான் மேசையில் உட்கார்ந்து பார்த்தவன். கடனைப் புதுப்பிக்க வந்தவர்களிடம், "அதே நகைக்கு இப்போ கம்மியாத்தான் தர முடியும், வித்தியாசத்தைக் கட்டுங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. தங்கம் இறங்கும் என்பதையே பலர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். எனக்கும் அது புதுசுதான்.

நம் வீட்டுக் கதையும் உண்டு. நீ பிறந்த வருடம் அம்மா சீட்டுப் பணத்தில் எடுத்த ஆரம் ஞாபகம் இருக்கிறதா? பில்லில் 32 கிராம். 2019இல் அக்கா கல்யாணத்துக்கு மாற்றப் போனோம். கல் மூன்றரை கிராம் கழிந்தது. மீதி 28.5 கிராமைச் சுத்தம் பார்க்கும் மெஷினில் வைத்தால் 86 சதவீதம் காட்டியது. 22 கேரட் என்றால் 91.6 இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 916 தங்கமாக 26¾ கிராம்தான் தேறியது. வாங்கிய கடையில் கேட்கலாம் என்றால் அந்தக் கடையே இல்லை. ஊருக்கெல்லாம் நகை எடை போட்டவன் வீட்டிலேயே இப்படி. புது ஆரத்துக்கு மறுபடியும் சேதாரம் கொடுத்தோம். அம்மா அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அந்த அளவுக்கு ஏமாற வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்யுஐடி குறியீடு கட்டாயம். ஹால்மார்க் தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைப் போட்டுப் பார். கல் எடையும் தங்க எடையும் பில்லில் தனித்தனியாக இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இத்தனை வருடத்தில் விலை ஏறிவிட்டது, லாபம் பார்க்கலாம் என்று நகையை விற்றவரை நம் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. அடகு வைப்பார்கள், மீட்பார்கள், மாற்றுவார்கள், மகளுக்குப் போடுவார்கள். விற்றால் வீடு நொடித்துவிட்டது என்று ஊர் பேசும். உன் அம்மா மூன்று தலைமுறை நகையின் பெயரையும் ஒப்பிப்பாள், ஒன்றையாவது லாபத்துக்கு விற்றாளா என்று கேட்டுப் பார். விற்க மனசு வராத பொருளில் லாபம் எங்கே வரும், பாப்பா?

அதற்காக நகை வீண் என்று சொல்லவில்லை. நிலத்தின் சிட்டா, அடங்கல், ஜாமீன்தாரர் எதுவும் கேட்காமல் அரை மணி நேரத்தில் பணம் தரும் பொருள் வேறு எது? நிலம் ஆண்கள் பெயரில் இருக்கும் ஊரில், ஒரு பெண் யாரிடமும் கையெழுத்துக் கேட்காமல் கழற்றி வைக்கக்கூடியது அது ஒன்றுதான். 2021இல் ஐந்து பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன்களை அரசு தள்ளுபடி செய்தபோது, பட்டியல் எழுதி எழுதியே கை ஓய்ந்துபோனது. பெரும்பாலும் பெண்கள் பெயர்கள்.

சரி, என் யோசனை இதுதான். இரண்டு பவுனுக்குக் கல் இல்லாமல், சேதாரம் குறைவாக, தினமும் போடுகிற மாதிரி எடு. அதைச் செலவு என்றே எழுதிக்கொள். மீதிப் பணத்திலும் தங்கம்தான் வேண்டும் என்றால் உன் டீமேட் கணக்கில் தங்க ஈடிஎஃப் வாங்கலாம், தங்க விலையோடு ஏறி இறங்கும், பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கலாம். சேதாரம் இல்லை, விற்கும்போது யாரும் அழமாட்டார்கள். அரசின் தங்கப் பத்திரம் வருடத்துக்கு இரண்டரை சதவீத வட்டியும் தந்தது, நல்ல ஏற்பாடு, ஆனால் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக விடவில்லை. செயலியில் பத்து ரூபாய்க்கு விற்கும் டிஜிட்டல் தங்கம் பக்கம் போகாதே. அது தன் கட்டுப்பாட்டில் வராது என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்தது. எல்லாவற்றையும் தங்கத்தில் போடாமல் கொஞ்சம் பேங்க் டெபாசிட்டிலும் வை.

இதையெல்லாம் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஈடிஎஃப்பைக் காதில் போட முடியுமா என்று கேட்டாள். அந்த இரண்டு பவுனும் வளையல்தானாம், அதை மட்டும் முடிவு செய்துவிட்டாள். உன் கை அளவு 2.4ஆ 2.6ஆ என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அவளிடமே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா