பபூட்டியில் கிழக்கின் மணம் புதிதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வார இணைப்பின் சமையல் பக்கத்தில் எங்கள் தென்னாப்பிரிக்க நாட்டுப் பபூட்டியைப் பற்றி வெளியான குறிப்பை டர்பனிலிருந்து படித்தேன். மசாலாவில் வதக்கிய மாட்டுக் கொத்துக்கறியின் மேல் முட்டையையும் பாலையும் அடித்து ஊற்றி ஓவனில் சுட்டெடுக்கும் இவ்வுணவை டச்சுக்காரர்களுடையது என்று அக்குறிப்பு அறிமுகப்படுத்தியிருந்தது. அத்துடன், எலுமிச்சம்புல், பேரரத்தை, தேங்காய்ப்பால் ஆகியவற்றை அதில் சேர்ப்பது இக்காலச் சமையற்கலைஞர்கள் கண்ட கலப்புச் சுவை என்றும் பாராட்டியிருந்தது. தமிழ் வாசகர்களுக்கு இவ்வுணவை எடுத்துச் சொன்னமைக்கு நன்றி. ஆயினும், அதை ஆக்கியவர்களின் பெயர் ஓரிடத்திலும் வராததைக் கண்டு வருந்தினேன். தென்கிழக்காசியச் சுவை பபூட்டிக்குப் புதிதாக வந்து சேர்ந்தது அன்று. அதன் பிறப்பிலேயே இருந்தது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652ஆம் ஆண்டில் நன்னம்பிக்கை முனையில் (இன்றைய கேப்டவுனில்) தன் கப்பல்களுக்கு உணவும் நீரும் தரும் நிலையத்தை அமைத்தது. அதன் பிறகு, 1808இல் அடிமை வணிகம் நிறுத்தப்படும்வரை, 60,000 பேருக்கும் மேற்பட்டோர் அடிமைகளாக அங்கே இறக்கப்பட்டனர். ஜாவா, பாலி, மக்காசர் முதலிய தீவுப் பகுதிகளிலிருந்தும், மடகாஸ்கரிலிருந்தும், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். வங்கத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தவர்களும் அவர்களுள் உண்டு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கம்பெனிக்குக் கோட்டைகள் இருந்ததைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். 1860இல் கரும்புத் தோட்ட வேலைக்காக எங்கள் முன்னோர் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, அந்தக் கரையின் மக்கள் கேப்டவுனில் பிறர் வீட்டு அடுப்புகளை மூட்டிக்கொண்டிருந்தார்கள். டச்சு ஆட்சியை எதிர்த்ததற்காக 1694இல் அங்கே நாடு கடத்தப்பட்ட மக்காசர் ஷேக் யூசுஃபைச் சுற்றி உருவான இசுலாமியச் சமூகமும், பின்னாளில் கேப்டவுனின் போ-காப் குன்றுச்சரிவில் குடியேறிய குடும்பங்களும்தாம், கேப் மலாய் என்று பெயர்பெற்ற இம்மக்களின் சமையலை இன்றுவரை காத்துவருபவர்கள். அந்நாளில் கேப்டவுனின் டச்சு வீடுகளில் உண்டவர்கள் டச்சுக்காரர்கள், சமைத்தவர்கள் இம்மக்களின் முன்னோர். மஞ்சளும் கொத்தமல்லியும் சீரகமும் இஞ்சியும் புளிப்பும் இனிப்பும் ஒரே சட்டியில் கூடுவது ஆம்ஸ்டர்டாம் அடுப்பில் தோன்றிய பழக்கமாக இருக்க இயலாது.

ஆகவே எலுமிச்சம்புல்லையும் தேங்காய்ப்பாலையும் சேர்க்கும் தங்கள் செய்முறையை நான் மறுக்கவில்லை, மனமார வரவேற்கிறேன். கிறித்தவர்களான எங்கள் வீட்டில் மாட்டிறைச்சிக்கு விலக்கில்லை என்பதால் அச்செய்முறையை அப்படியே செய்தும் பார்த்தேன். சில இடங்களில் அது திருத்தம் பெற வேண்டும் என்பதையும் பொறுப்புடன் எழுதுகிறேன்.

முதலாவது, காரம். கரம் மசாலாவும் எட்டுப் பச்சைமிளகாயும் போடச் சொல்லியிருப்பது டர்பன் குழம்புக்குப் பொருந்தும், பபூட்டிக்குப் பொருந்தாது. மேலே படியும் முட்டைப்பால் அடுக்கு மிக மென்மையானது. கீழே கறி கடுங்காரமாக இருந்தால் அதன் சுவை நாவுக்கே எட்டாது. ஒரு கிலோ கொத்துக்கறிக்கு ஒன்றிரண்டு மிளகாய் போதும். எலுமிச்சம்புல்லில் அடிப்பகுதியின் வெள்ளைத் தண்டை மட்டும் எடுத்து, மெல்லிய வளையங்களாக நறுக்கி, பேரரத்தையோடும் பூண்டோடும் அம்மியிலோ உரலிலோ மைய இடித்துவிட வேண்டும். நார் தங்கினால் மென்மையான கறியில் அது பல்லில் சிக்கும். வெங்காயம் பொன்னிறமானதும் இவ்விழுதைப் போட்டு, பச்சை வாசனை முற்றிலும் போய் எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வதக்கிய பிறகே கறியைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, ரொட்டி. அதை வெறும் நிரப்புப் பொருளாகக் கருதி விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாலில் ஊறவைத்துப் பிழிந்த இரண்டு துண்டு ரொட்டிதான் கறியிலிருந்து கசியும் சாற்றைத் தன்னுள் பிடித்துவைத்து, வெட்டினால் கேக்கைப்போல் துண்டாக எழுந்து வரும்படி அதைப் பிணைக்கிறது. அது இல்லாவிட்டால் கறி உதிரியாக உலர்ந்துவிடும்.

புளிப்பும் இனிப்பும் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கேப் மலாய் வீடுகளில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து, கூடவே ஆப்ரிகாட் ஜாமும் உலர்திராட்சையும் போடுவார்கள்; ஆப்ரிகாட் கேப்டவுன் இருக்கும் மேற்குக் கேப் மாகாணத்தில் செழித்து விளையும் பழம். தென்கிழக்காசியச் சுவையை முன்னிறுத்த விரும்புகிறவர்கள் வினிகருக்குப் பதிலாகக் கெட்டியான புளிக்கரைசலையும், ஜாமுக்குப் பதிலாகத் தட்டிய கருப்பட்டியையும் சேர்த்தால் சுவை இன்னும் ஆழமாக அமைவதைக் காண்பார்கள். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஆப்ரிகாட்டைத் தேடி அலையும் தேவையும் இராது. இனிப்பு பிடிக்காது என்பதற்காக அதை அறவே நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஓவனில் வெந்த கைமாதான். அதைப் பபூட்டி என்று சொல்ல மாட்டேன்.

அடுத்து, தேங்காய்ப்பால். முழுவதும் இரண்டாம் பாலை ஊற்றினால் மேலடுக்கு சரியாக உறையாமல் நீர்விடுகிறது. ஒரு கோப்பையில் பாதி பசும்பாலும் பாதி கெட்டியான முதற்பாலும் எடுத்து, இரண்டு முட்டையோடு நுரை எழாமல் கலந்து, வடிகட்டி ஊற்றினால் பட்டுப்போல் உறைகிறது. இலங்கை மலாய் மக்களின் வட்டிலப்பத்தைச் செய்தவர்களுக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து உறையும் இந்தப் பக்குவம் பழகியதாகவே இருக்கும். ஓவன் 220 பாகையில் இருக்க வேண்டும் என்று அச்சாகியிருப்பதை மட்டும் தவறாமல் மாற்றுங்கள். அந்தச் சூட்டில் முட்டை திரிந்து பொத்தல் பொத்தலாகிவிடும். 180 பாகையில் கறியை முதலில் அரைமணி நேரம் சுட்டு, பிறகு முட்டைப்பாலை ஊற்றி, நடுப்பகுதி சற்றே அசையும் பதத்தில் எடுத்துவிட வேண்டும். வெளியே வைத்த பின்னும் உள்ளிருக்கும் சூட்டில் அது உறைந்துகொள்ளும். மேலே செருகுவதற்குப் பிரிஞ்சி இலையைவிட எலுமிச்சை இலை சிறந்தது. பழைய முறையும் அதுவே. இலையின் காம்பு முட்டைப்பாலுக்குள் அமிழ்ந்தும் நுனி வெளியே நீட்டியும் இருக்கும்படி செருகினால், நுனி சூட்டில் சுருண்டு கருகும்போது அதன் எண்ணெய் மணம் கீழிறங்கிக் கறியோடு கலக்கிறது.

தங்கள் வாசகர்களில் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் மிகுதி. டர்பன் தமிழ் இந்துக் குடும்பங்களிலும் அப்படியே. இங்கே அவர்கள் ஆட்டுக் கொத்துக்கறியில் பபூட்டி செய்கிறார்கள். ஆட்டுக்கறியில் கொழுப்பு கூடுதலாக இருந்தால் வதக்கியதும் மிகையான எண்ணெயை வடித்துவிட வேண்டும், இல்லையேல் முட்டைப்பால் கறியின் மேல் ஒட்டாமல் நழுவும். சைவர்கள் தோல் நீக்காத மைசூர்ப் பருப்பைக் குழையாமல் வேகவைத்து அதே மசாலாவில் செய்கிறார்கள். மஞ்சளும் பட்டையும் உலர்திராட்சையும் சேர்த்த சோறு எல்லாவற்றுக்கும் உடன் வைக்கத்தக்கது.

அடுத்த இணைப்பில் ஓவன் சூட்டையும் ரொட்டியையும் பற்றிய திருத்தத்தை வெளியிடும்போது, இவ்வுணவு கேப் மலாய் மக்களின் ஆக்கம் என்பதையும், அவர்களின் முன்னோரில் சோழமண்டலக் கரையினரும் இருந்தனர் என்பதையும் செய்முறையின் தலைப்புக்குக் கீழேயே அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா