கமராவை எங்கே வைப்பது?

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். வாடைக்காற்று தொடங்கிவிட்டது. டச் பே பக்கம் ஒரு கிழமையாகக் கடல் அடி, தோணியெல்லாம் கரையில் கிடக்கிறது. அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. உன்னைச் சுகம் கேட்டதாக எழுதச் சொன்னா.

கம்பியூட்டரில் முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளை நீ பழகத் தொடங்கியது எனக்குப் பெரிய சந்தோஷம். அறையை வடிவாகச் செய்தும் ரெண்டரில், அதாவது முடிவாக எடுக்கும் படத்தில், வெறும் சாம்பல் நிறம்தான் வருகிறது என்று எழுதியிருந்தாய். உன் கமரா சுவருக்கு வெளியே நிற்கிறது என்று நினைக்கிறேன். நீ மவுஸால் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது உன் கண். படத்தில் விழுவது கமரா பார்ப்பது மட்டும். கீபோர்ட்டின் வலப்பக்கத்து இலக்கப் பகுதியில் (நம்பர் பாட்) சைபரை அழுத்து. லாப்டொப்பில் அது இல்லையென்றால் திரையின் வலப்பக்கத்துச் சின்னக் கமரா அடையாளத்தைத் தட்டு. N எழுத்தை அழுத்தினால் வரும் பட்டையில், 'வியூ' பகுதியில், 'கமரா டு வியூ' இருக்கும். அதற்குச் சரி போட்டால் நீ போகும் இடமெல்லாம் கமராவும் வரும். இடம் பிடிபட்டதும் சரியை எடுத்துவிடு. இல்லாவிட்டால் அடுத்த வேலைக்குத் திரும்பும்போது பிடித்த இடம் போய்விடும்.

லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அறை முழுக்கத் தெரியட்டும் என்று 50 மில்லிமீற்றரை 15க்கு இறக்கியிருக்கிறாய். அதனால்தான் ஓரத்துக் கதிரை இழுபட்டுக் கிடக்கிறது. டச் பேயில் தோணிக்குப் பக்கத்தில் நின்று கோணேசர் மலையைப் பார்த்தது நினைவிருக்கா? தோணி பெரிதாக நிற்கும், மலை அதன் பின்னால் அடங்கிப் போகும். நூறடி பின்னுக்கு நடந்தால் தோணி சிறுத்துவிடும், மலை அப்படியே இருக்கும். இரண்டுக்கும் உள்ள பொருத்தத்தை மாற்றுவது நாம் நிற்கும் இடம்தான். அதில் எவ்வளவை வெட்டியெடுப்பது என்பதே லென்ஸின் வேலை. ஆகவே முதலில் இடத்தைப் பிடி, பிறகு லென்ஸைத் தொடு. அறை சின்னதென்றால் கமரா பக்கத்துச் சுவரை ரெண்டரில் மறைத்துவிட்டுப் பின்னுக்குப் போ.

இன்னொன்று. போன மாதம் அந்த மலையையும் கடலையும் செய்தேன். வேலைத் திரையில் மலை இருந்தது, கமராவுக்குள் போனால் காணவில்லை. இரண்டு இரவு தேடினேன். கமராவின் அமைப்பில் 'கிளிப் எண்ட்' 100 மீற்றர் என்று இருந்தது. அதற்கு அப்பால் உள்ள எதையும் அது காட்டாது. 5000 ஆக்கியதும் மலை வந்து நின்றது.

இப்போது அம்மம்மா வீட்டைச் செய்துகொண்டிருக்கிறேன். இடித்துவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். ஓடு, திண்ணை, கிணற்றடி எல்லாம் அளவாக வைத்தும் அது யாரோ வீடு மாதிரியே இருந்தது. கமரா 1.6 மீற்றர் உயரத்தில் நின்றது, வளர்ந்த ஆளின் கண். ஏழு வயதில் நாம் பார்த்தது அங்கிருந்து இல்லையே என்று 1.1க்கு இறக்கினேன். கிணற்றுக் கட்டு நெஞ்சுக்கு வந்தது. திண்ணைத் தூண் உயர்ந்தது. அடுப்படி வாசலுக்குள் இருட்டு தெரிந்தது. அன்றிரவு அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா.

ஒரு உதவி. படலை உள்ளுக்குத் திறந்ததா, வெளியிலா? அம்மா உள்ளுக்கு என்கிறா, எனக்கு ஒழுங்கைப் பக்கம் திறந்ததாக ஞாபகம். நீ சைக்கிளை எதில் சாத்தி வைப்பாய் என்று யோசித்துப் பார், தெரிந்துவிடும். முருங்கை எந்தப் பக்கம் நின்றது என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்
திருகோணமலை