திண்ணையில் ஆள், அடுப்படியில் அழைப்பு

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

கடிதம் கிடைத்தது. ஆச்சிக்கு உடம்பு தேறியதில் நிம்மதி. இங்கே இரண்டு நாளாக நல்ல மழை. வளவு முற்றத்தில் தேங்கிய தண்ணீர் இப்போதுதான் வடிகிறது.

ஆத்தங்குடிக் கல் கடைக்கு எழுதும் பில் கோடைப் பார்த்தேன். ‘விலைகேள்’ சர்வரிடம் விலை வாங்குகிறது, ‘பில்போடு’ அதைக் கூப்பிடுகிறது. இரண்டும் ஒரே ஃபைல். ஜெஸ்ட்டில் (ஜாவாஸ்கிரிப்ட் கோடைச் சோதிக்கும் கருவி) ஸ்பைஆன் போட்டு, விலைகேளுக்குப் பதில் போலி விலை தரச் சொல்லியும் அழைப்பு நிஜ சர்வருக்கே போகிறது என்கிறாய். போகத்தான் செய்யும். ஸ்பைஆன் மாற்றுவது எக்ஸ்போர்ட்ஸ் ஆப்ஜெக்டில், அதாவது ஃபைல் வெளியாருக்குக் கொடுக்கும் பட்டியலில், இருக்கும் விலைகேளை. பில்போடு அந்தப் பக்கமே வருவதில்லை. ஃபைலுக்குள் இருக்கிற ஃபங்ஷனை நேரே பிடிக்கிறது. முகப்புத் திண்ணையில் ஆளை உட்கார்த்திவிட்டு, வளவிலிருந்து அடுப்படிக்குப் போகிறவரை மறிக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

விலைகேளைத் தூக்கி விலை.ஜேஎஸ் என்று தனி ஃபைலில் வை. பில்.ஜேஎஸ் அதை இம்போர்ட் செய்யட்டும். ஃபைல் தன்னையே இம்போர்ட் செய்துகொள்ளும் குறுக்குவழியும் உண்டு. வேலை செய்யும், ஆனால் டெஸ்டுக்காகக் கோடைக் கோணலாக்குவது எனக்குப் பிடிக்காது.

டெஸ்டில் ஜெஸ்ட்.மாக் (ஒரு ஃபைலுக்குப் பதில் போலியை வைக்கும் கட்டளை) போட்டு விலை.ஜேஎஸ்ஸின் பாதையை மட்டும் கொடு. பாதை டெஸ்ட் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து கணக்கு. போலியை நீயே செய்து தர எழுதிய ஃபேக்டரி ஃபங்ஷன் வேண்டாம், நீ சொன்ன இரண்டாவது எரர் அதில்தான். ஓடுமுன் கோடை மாற்றி எழுதும் பேபல், ஜெஸ்ட்.மாக் வரியை இம்போர்ட்டுக்கும் மேலே ஏற்றிவிடும். கீழே நீ வைத்து ஃபேக்டரிக்குள் எடுக்கும் ‘கல்விலை’ வேரியபிள் அப்போது பிறந்தே இருக்காது. ஃபேக்டரி இல்லாவிட்டால் எல்லா ஃபங்ஷனும் தானாகவே வெறும் மாக், அதாவது போலி ஃபங்ஷன், ஆகி அன்டிஃபைன்ட் (மதிப்பு எதுவும் இல்லை) தரும். ஒன்று கவனி: உள்ளே என்னென்ன ஃபங்ஷன் என்று தெரிந்துகொள்ள ஜெஸ்ட் நிஜ ஃபைலை ஒருமுறை ஓட்டும். ஃபங்ஷன்களுக்கு வெளியே, ஃபைலின் மேல்மட்டத்திலேயே டேட்டாபேஸ் கனெக்‌ஷன் திறந்திருந்தால் அதுவும் திறக்கும்.

விலையை பிஃபோர்ஈச்சில் (ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் ஓடுவது) வை: விலைகேள்.மாக்ரிசால்வ்டுவேல்யூ(60). பில்போடு(100)க்கு அவெய்ட் (விடை வரும்வரை காத்திரு) போட்டால், விலை 60, எண்ணிக்கை 100 என்பதால் 6000 வர வேண்டும். அவெய்ட் விட்டுப்போனால் கையில் இருப்பது ப்ராமிஸ், பின்னால் விடை தருவதாகச் சொல்லும் சீட்டு; தொகை இல்லை.

ஒரு டெஸ்டின் 60 அடுத்ததில் ஒட்டிக்கொள்வதாக எழுதியிருந்தாய். கிளியர்ஆல்மாக்ஸ் துடைப்பது அழைப்புக் கணக்கை மட்டும். வைத்த விலை அப்படியே இருக்கும். அதையும் கழற்ற ரீசெட்ஆல்மாக்ஸ். விலையை பிஃபோர்ஈச்சில் வைக்கச் சொன்னது அதனால்தான், ரீசெட்டுக்குப் பிறகு மறுபடி ஏறிவிடும்.

பிரித்த பிறகும் சர்வருக்குப் போனால், பில்.ஜேஎஸ்ஸில் பழைய விலைகேள் அழியாமல் கிடக்கிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
லெட்சுமணன்