காணி வைத்திருக்கும் நம்மவர்களுக்கு: ஜூலை 15 வரை அந்தப் புல்லை விட்டுவையுங்கள்

ரொறன்ரோவுக்கு வெளியே, டர்ஹம் பக்கமும் கவார்த்தா லேக்ஸ் பக்கமும் காணி வாங்கி வைத்திருக்கும் நம்மவர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் செய்ததைத்தான் நானும் செய்தேன். வீட்டோடு சேர்ந்து 22 ஏக்கர் வந்தது. பெரும்பகுதி புல்வெளி. எனக்கு மாடும் இல்லை, குதிரையும் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டேன். அவர் ஹே, அதாவது காயவைத்துத் தீவனமாக்குகிற புல், வெட்டி எடுத்துப் போவார். காணி விவசாயக் காணியாகவே பதிவில் இருக்கும், அதற்கான வரி வீதமும் வீட்டுக்கான வீதத்தில் கால் பங்கைத் தாண்டாது. இரண்டு பேருக்கும் நல்லதுதானே என்று அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

முதல் வருஷம், ஜூன் நடுப்பகுதி. காலையில் ட்ராக்டர் வந்தது, மத்தியானத்துக்குள் வெட்டி முடிந்தது. பின்னேரம் வேலியடியில் நின்று பார்த்தேன். மண்ணிறக் குருவி ஒன்று, வாயில் பச்சைப் புழுவோடு, வெட்டிக் கிடந்த புல்லின்மேல் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. இறங்கும், நாலடி நடக்கும், எழும்பும், திரும்ப அதே இடத்தில் இறங்கும். புழுவைத் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை. இருட்டும்வரை அப்படியே. கொஞ்சம் தள்ளிக் காகங்கள் நடந்து நடந்து பொறுக்கிக்கொண்டிருந்தன.

அது பொபோலிங் (Bobolink) என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புல்லுக்குள் நிலத்திலேயே கூடு கட்டுகிற குருவி. பண்ணைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எப்போது வெட்டுவது என்று அவர் என்னிடம் கேட்டார், உங்கள் விருப்பம் என்று சொன்னது நான்.

ஊரில் ஆட்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு பறந்தால், கிட்ட எங்கோ முட்டை இருக்கிறது என்று நமக்கே தெரியும், விலகி நடப்போம். பொபோலிங் பெண் அப்படி இல்லை. அடைகாக்கிற நாட்களில் சத்தம் போடாமல் பதுங்கிக் கிடக்கும், கால் படுகிற தூரத்துக்கு வந்தால்தான் எழும்பும். ஆண் குருவியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வயிறு முழுக்கக் கறுப்பு, முதுகில் வெள்ளை, பிடரியில் வைக்கோல் நிறம். மே மாதத்தில் பாடிக்கொண்டே புல்லுக்கு மேல் தாழப் பறந்து திரியும்.

ஆர்ஜென்ரீனா, பராகுவே, பொலிவியா பக்கமிருந்து வருகின்றன. போய்வர ஏறக்குறைய 20,000 கிலோமீற்றர். மே மாத நடுவில் இங்கே வந்து சேர்ந்து, மே கடைசியில் முட்டையிடும். 12 நாள் அடைகாக்கும். குஞ்சு பொரித்து 10, 11 நாளில் கூட்டை விட்டு இறங்கிவிடும். ஆனால் உடனே பறக்காது, இன்னும் சில நாள் புல்லுக்குள் ஓடி ஒளிந்துதான் பிழைக்கும். நாட்களைக் கூட்டிப் பாருங்கள். ஜூன் முழுக்க அந்தப் புல்லுக்குள் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. நாம் வெட்டுவதும் ஜூனில்தான்.

முன்பு இங்கே ஹே பிந்தித்தான் வெட்டினார்கள். இப்போது முந்தி வளர்கிற ரகங்கள் வந்துவிட்டன. அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிரைப் பச்சையாகவே வெட்டிப் பிளாஸ்டிக் சுற்றி சைலேஜாகப் புளிக்க வைப்பவர்கள், நல்ல வெயில் நாலு நாள் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மே முடிவிலேயே முதல் வெட்டு, பிறகு சில கிழமைகளுக்கு ஒரு வெட்டு. இடையில் ஒரு குடும்பம் வளர நாள் போதாது. நியூயோர்க் மாநிலத்தில் நடந்து 1990இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஹே வெட்டிய வயல்களில் இருந்த பொபோலிங் முட்டைகளிலும் குஞ்சுகளிலும் நூற்றுக்கு 94 அழிந்துபோயின. கத்தியில் தப்பியவை புல்லை வாரும்போதும் கட்டும்போதும் அழிந்தன, மிச்சத்தைத் தாய் கைவிட்டது அல்லது காகம் கொண்டுபோனது.

ஒன்ராறியோ மாகாணம் 2010இலும் கனடா மத்திய அரசு 2017இலும் இதை அருகிவரும் பறவைகளின் பட்டியலில் சேர்த்தன. ஆனாலும் அன்றாட விவசாய வேலைக்கு இங்கே பறவையைப் பாதுகாக்கும் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். பண்ணைக்காரருக்கு அது தேவைதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நமக்கு அந்தப் புல்லில் பிழைப்பு இல்லை. அதனால்தான் அரசாங்கத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

குத்தகைக்காரருடன் கதையுங்கள். ஜூலை 15க்குப் பிறகு வெட்ட முடியுமா என்று கேளுங்கள். பிந்திய புல்லில் புரதம் குறையும், பால் கறக்கிற மாட்டுக்கு அது காணாது என்று அவர் சொன்னால் அது உண்மை. ஆனால் குதிரைக்கும், பால் வற்றிய மாட்டுக்கும், இறைச்சி மாட்டுக்கும் அந்தப் புல் போதும். நட்டத்துக்கு ஈடாகக் குத்தகைக் காசை விட்டுக்கொடுங்கள். நான் 12 ஏக்கருக்குக் காசு வாங்குவதில்லை, அவரும் சரி என்றுவிட்டார். வரிச் சலுகை போய்விடுமோ என்று எனக்கும் பயம் இருந்தது. அவர் அந்தப் புல்லை வெட்டத்தான் போகிறார், ஒரு மாதம் பிந்தி, அவ்வளவுதான்.

முழுவதையும் விட முடியாதென்றால் ஒரு பகுதியை விடுங்கள். ஆனால் மரவரிசையை ஒட்டி ஒரு கீற்றாக விட்டால் பிரயோசனம் இல்லை, இந்தக் குருவி மரத்தடிக்குப் போகாது. நடுவில் அகலமாக விடுங்கள். பால் பண்ணைக்காரரென்றால் இன்னொரு வழி இருக்கிறது. முதல் வெட்டை மே முடியுமுன் வெட்டிவிட்டு, அடுத்ததற்கு 65 நாள் விடுவது. வெர்மொன்ற் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த முறை. குருவிகள் திரும்பக் கூடு கட்டிக் குஞ்சை வளர்த்து எடுக்க அந்த இடைவெளி போதும்.

அப்புறம், குத்தகைக்கும் விடாமல், வடிவாக இருக்கட்டும் என்று பத்து ஏக்கரையும் கிழமைக்குக் கிழமை மெஷினில் ஏறி வெட்டுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். வீட்டைச் சுற்றி வெட்டுங்கள். மிச்சத்தை ஓகஸ்ட் வரை விடுங்கள்.

இப்போது ஏப்ரல். பண்ணைக்காரர்கள் இந்த வருஷத்து வெட்டைத் திட்டமிடுகிற நேரம். இந்தக் கிழமையே ஒரு போன் எடுங்கள். என்ன சொல்வது, எவ்வளவு குறைப்பது என்று தெரியாவிட்டால் ஒரு காலை என் காணிக்கு வாருங்கள், தேத்தண்ணி குடித்துக்கொண்டே கதைக்கலாம். போன வருஷம் ஜூலை 17 அன்று என் வயலை வெட்டினார்கள். ட்ராக்டர் முதல் சுற்று வந்தபோது புல்லுக்குள்ளிருந்து மஞ்சள் பூத்த இளங்குருவிகள் கூட்டமாக எழும்பிப் பக்கத்து வயலுக்குப் பறந்தன. எண்ணத் தொடங்கி, பதினொன்றில் விட்டுவிட்டேன்.

அன்புடன்,
கவார்த்தா லேக்ஸிலிருந்து உங்களில் ஒருவர்