டாமி ஜானின் இடது கை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. தோள் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாகியும் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, பிசியோதெரபிக்குப் போகவே அலுப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு டாமி ஜான் ஞாபகமாகவே இருக்கிறது.

அமெரிக்க பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுபவர் அவர். இடது கைக்காரர். 1963-ல் பெரிய லீகுக்கு வந்தார். அசுர வேகமெல்லாம் கிடையாது. அடிக்க நிற்பவரை நெருங்கும்போது சட்டென்று தாழ்ந்துவிடும் சிங்கர் பந்துதான் அவருடைய சொத்து. அதை ஓங்கி அடித்தாலும் பெரும்பாலும் தரையோடுதான் உருளும். 1974 ஜூலையில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக 13 வெற்றி, 3 தோல்வி (பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரில்தான் எழுதுவார்கள்) என்று நல்ல உச்சத்தில் இருந்தபோது, பந்து வீசும்போதே முழங்கை ஜவ்வு கிழிந்துவிட்டது. அப்போது அவருக்கு 31 வயது.

அந்தக் காலத்தில் பிட்சருக்கு முழங்கை போனால் பிழைப்பே போன மாதிரி. அதே அணியின் சாண்டி கோஃபாக்ஸ் 1966-ல் 27 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார். ஆனால் முழங்கை மூட்டு தேய்ந்து வலி தாங்காமல் 30 வயதில் விலகிக்கொண்டார். ஜான் விலகவில்லை. ஏதாவது செய்யுங்கள் என்று அணியின் டாக்டர் ஃபிராங்க் ஜோபிடம் போய் நின்றார். அதுவரை எந்த பிட்சருக்கும் செய்யாத ஒன்றை ஜோப் செய்தார். வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு, அதைக் கோத்துக் கட்டினார். மறுபடி ஆட நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று முன்பே சொல்லியிருந்தார்.

அந்த ஆபரேஷனைவிட அதற்குப் பிறகான ஒன்றரை வருடம்தான் என்னை உலுக்குகிறது. நரம்பு பாதித்து விரல்கள் மடங்கிப் போய், டிசம்பரில் இன்னொரு ஆபரேஷன். 1975 முழுக்க ஓர் ஆட்டம்கூட இல்லை. 1976 ஏப்ரலில் திரும்ப வந்தார். அந்த வருடம் 10 வெற்றி, 10 தோல்வி. பார்ப்பதற்குச் சுமார்தான். ஆனால் 200 இன்னிங்ஸுக்கு மேல் (கிரிக்கெட் மாதிரி இல்லை, ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) அந்தக் கை தாங்கியது, மாப்ளே! மறு வருடமே 20 வெற்றி. நியூயார்க் யாங்கீஸ் போனதும் 21, அப்புறம் 22.

காயத்துக்கு முன் 124 வெற்றி, பின் 164. மொத்தம் 288. 1989-ல் 46 வயதில்தான் ஓய்ந்தார். இன்று அந்தச் சிகிச்சைக்கே டாமி ஜான் சர்ஜரி என்று பெயர். ஜப்பானிய நட்சத்திர வீரர் ஓடானிகூட 2018-ல் செய்துகொண்டார்.

ஒரு வருத்தம். 1977, 78-ல் டாட்ஜர்ஸில் இருந்தபோது இறுதித் தொடரில் யாங்கீஸிடம் தோற்றார். 1981-ல் அவர் யாங்கீஸில் இருந்தபோது ஜெயித்தது டாட்ஜர்ஸ். இத்தனை வெற்றிக்குப் பிறகும் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் சாதனையாளர் பட்டியலுக்கான வாக்கெடுப்பில் வருடா வருடம் பின்தங்கிப்போனார். அது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சரி, இந்த வாரம் பிசியோவுக்குப் போனாயா? கை எந்த உயரம் வரை வருகிறது என்று எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்