கார்டு வாங்கும் முன் பவர் சப்ளையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி போனஸ் வரும் நேரத்தில் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பல வீடுகளில் பேச்சு, கம்ப்யூட்டரில் கேம் படங்களை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றித்தான். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. கேம் விளையாடுகிற அதே கம்ப்யூட்டரில்தான் அவர்கள் வீடியோ எடிட் செய்யவும் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் கார்டுக்குப் பணம் கட்டும் முன் கேசிங்கைத் திறந்து, உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளையின் லேபிளைப் படித்துவிடுங்கள்.

என் தங்கை மகனுக்கு ஈப்போவில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் செட் வாங்கினோம். விலை மலிவு, முன்பக்கம் கலர் கலராக விளக்கு எரியும். அப்புறம் ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, அதே கடையில் மாட்டிக் கொண்டுவந்தான். யூடியூப் ஓடியது, பாட்டு ஓடியது, கேமில் சண்டை சூடுபிடித்ததும் பட்டென்று மொத்தமும் அணைந்துவிடும். கடைக்காரர் கார்டு கெட்டுப்போச்சு, புதுசு வாங்குங்கள் என்றார். வீட்டில் திறந்து பார்த்தால் பவர் சப்ளை மேல் பெரிய எழுத்தில் 500 வாட். அதற்குக் கீழே சின்னக் கட்டத்தில், 12 வோல்ட்டுக்கு நேராக, 18 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட், அவ்வளவுதான். கார்டும், கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரும் பிழைப்பது இந்த 12 வோல்ட்டில்தான். அந்தக் கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும், ப்ராசசருக்கு இன்னொரு 65 வைத்தாலே கணக்கு உதைக்கிறது, அதோடு கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கு அதன் அளவுக்கு மேலேயும் இழுக்கும்.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது கேபிள். கார்டுக்குப் போக வேண்டிய 8 பின் வயர் அந்தப் பவர் சப்ளையில் இல்லவே இல்லை, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக்கிலிருந்து ஒரு மாற்று வயர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாட்டா பிளக் 12 வோல்ட்டில் 54 வாட் வரைதான் தாங்கும், 8 பின் என்பது 150 வாட்டுக்கு. பிளக்கின் ஓரம் பழுப்பேறி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்தால் பிளாஸ்டிக் கருகிய வாடை. பையன் அறையைப் பூட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் விளையாடுகிறான், நினைத்துப் பாருங்கள். நல்ல 550 வாட் பவர் சப்ளை மாற்றிய பிறகு, கெட்டுப்போச்சு என்று சொன்ன அதே கார்டு இன்றுவரை ஓடுகிறது.

பவர் சப்ளையையும் சேர்த்து மாற்றக் கையில் காசு இல்லையா, சரி, தனி வயரே கேட்காத கார்டுகளும் இருக்கின்றன. கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். ஆர்டிஎக்ஸ் 3050இல் 6 ஜிபி மெமரி உள்ள மாடல் 70 வாட்டில் ஓடிவிடும், ஆனால் 8 ஜிபி மாடல் 130 வாட், பெயர் ஒன்றே என்பதால் கடையில் கேட்டு வாங்குங்கள். ஆபிசிலிருந்து கழித்துவிட்ட ஒல்லி கம்ப்யூட்டர் என்றால் கார்டின் உயரத்தையும் அளக்க வேண்டும். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஆர்டிஎக்ஸ் 4060, அது 3060ஐவிட வேகம், கேட்பதோ 115 வாட்தான், ஆனால் 75ஐத் தாண்டுவதால் தனி வயர் வேண்டும். எடிட்டிங்தான் முக்கியம் என்றால் மெமரி அதிகமாக, 12 ஜிபி உள்ள 3060ஐயே நான் எடுப்பேன். பவர் சப்ளையில் 80 பிளஸ் முத்திரையைக் காட்டி விற்பார்கள், அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரை, உள்ளே உள்ள பொருளின் தரத்துக்கு அல்ல. இன்னொன்று, நம் பக்கம் சாயங்காலம் இடி இடித்தால் பிளக்கோடு மோடம் வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் ப்ராசசர், ராம், கார்டு எல்லாம் பெயரோடு வருகிறது, பவர் சப்ளைக்கு மட்டும் வெறும் "500 வாட்". அதன் பிராண்டையும் மாடலையும் 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்பதையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். தோட்டத்து வேலையை விட்டு ஈப்போ வந்து போக எங்கள் ஆட்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது, தவறான பொருளோடு திரும்பினால் இன்னொரு நாளும் போகும். ஆசிரியரும் அந்த லேபிளின் படம் ஒன்றை, ஆம்பியர் இருக்கும் கட்டத்தை வட்டமிட்டு, பத்திரிகையில் போட்டால் பெற்றோர்கள் அதை வெட்டிக் கடைக்கே எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
வாசகர், சுங்கை சிப்புட்