போக்குவரத்துத் தொழிற்சங்கங்களுக்கு ஒரு பயணியின் திறந்த மடல்

தோழர்களுக்கு வணக்கம்.

இருபது வருடமாக அரசு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவன் எழுதுகிறேன்.

2018 ஜனவரி 4 சாயங்காலம் நான் வந்த பஸ் பாதி வழியில் ஓரங்கட்டி நின்றது. "பேச்சுவார்த்தை முறிஞ்சுபோச்சு, வண்டி டிப்போவுக்குப் போகுது, இறங்கிக்கோங்க" என்றார் கண்டக்டர். பூக்கூடையோடு வந்த பாட்டி ஒருவர் படியில் திணற, அவரே கூடையைத் தூக்கி இறக்கி வைத்தார். "எதுக்குப்பா நிறுத்துறீங்க?" என்று பாட்டி கேட்டார். பதில் சொல்வதற்குள் பின்னால் இருந்தவர்கள் திட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பதில் எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஊதிய உயர்வுக்கு அடிப்படைச் சம்பளத்தை 2.57-ஆல் பெருக்கித் தரச் சொன்னீர்கள், அரசு 2.44 என்றது. செய்திகளில் இந்தக் கணக்குதான் பெரிதாக வந்தது. ஆனால் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். சம்பளத்தில் பிடித்த வைப்பு நிதியும் பணிக்கொடையும் கைக்கு வராமல், மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினார். அன்று அந்த பஸ்ஸில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் பாதிப் பேராவது அடங்கியிருப்பார்கள். தன் காசைத் தானே கேட்டு அலைகிறவர் படும் பாடு யாருக்குத்தான் புரியாது?

எட்டு நாள் போராட்டம் பொங்கலுக்கு முன்னால் முடிந்தது. ஜனவரி 20-ல் கட்டணம் ஏறியது. "இவங்க சம்பளத்துக்குத்தான் நம்ம தலையில கட்டுறாங்க" என்று நிறுத்தத்தில் பேசிக்கொண்டார்கள். டீசல் விலையும், ஆளில்லாமல் ஓடும் கிராமத்து ட்ரிப்பும் அந்தப் பேச்சில் வரவே இல்லை. அதை எடுத்துச் சொல்ல உங்கள் பக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை.

2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காக சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது, "நல்லா வேணும்" என்று டீக்கடையில் சொன்னவர்களை நேரில் பார்த்தவன் நான். உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பைவிட டீக்கடைப் பேச்சுதான் பயமாக இருந்தது. ஜனங்கள் கைவிட்ட போராட்டத்தை ஒடுக்க எந்த அரசுக்கும் துணிச்சல் வந்துவிடும்.

2024-லும் பொங்கலுக்கு முந்தின வாரத்தில்தான் வண்டியை நிறுத்தினீர்கள். கூட்டம் அலைமோதும் நேரத்தில்தான் அரசு காது கொடுக்கும் என்பது சரி. ஆனால் அந்த நெருக்கடி முதலில் விழுவது கைக்குழந்தையோடு நிற்கிறவர்கள் மேல். ஓய்வூதியர்களின் அகவிலைப்படி வருடக்கணக்கில் பாக்கி என்ற நியாயமான கோரிக்கை அந்த எரிச்சலில் அடிபட்டுப் போனது.

அதனால் கேட்கிறேன். வேலைநிறுத்த நோட்டீஸை நிர்வாகத்துக்குக் கொடுக்கிறீர்கள் அல்லவா, எங்களுக்கும் ஒன்று கொடுங்கள். ஒரே பக்கம், பெரிய எழுத்தில்: யாருக்கு எவ்வளவு பாக்கி, எத்தனை வருடமாக. டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுங்கள். கட்டணமில்லாமல் போகும் பெண்களுக்குக் கட்டாயம் கொடுங்கள், அரசு பஸ் நின்றுபோனால் முதலில் தவிப்பவர்கள் அவர்கள்தான். அப்புறம், பாதி வழியில் மட்டும் யாரையும் இறக்கி விடாதீர்கள். கிளம்பிய ட்ரிப்பை முடித்துவிட்டு நிறுத்துங்கள்.

அந்தத் தாளில் நாலு எனக்கும் கொடுங்கள். எங்கள் நிறுத்தத்தில் நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
தினமும் காலை 7.10 வண்டிக்கு நிற்கும் ஒரு பயணி